மான், எல்க் வேட்டையில் ரைஃபிளால் நிஜமாகவே எத்தனை கெஜத்தில் சுடுகிறார்கள்?

புதுவேட்டை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் முதல் சனிக்கிழமை டெக்சாஸில் வெண்வால் மான் பருவம் தொடங்குகிறது. ஹில் கன்ட்ரி பக்கம் குத்தகை நிலம். பிளைண்ட் (மறைந்து உட்காரும் கூண்டு), ஃபீடர் (மானுக்குத் தீனி கொட்டும் கருவி) இரண்டும் இருக்கின்றன. அடுத்த வருடம் கொலராடோவுக்கு எல்க் (மானைவிடப் பெரிய மான் இனம்) வேட்டைக்குப் போகும் எண்ணமும் உண்டு.

ரைஃபிள் .308 வின்செஸ்டர், 22 அங்குலக் குழல். மேலே 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும் 3-9x40 ஸ்கோப். தோட்டாவின் குண்டு 150 கிரெயின் எடை, சாதாரண சாஃப்ட் பாயின்ட் (நுனியில் ஈயம் தெரியும், பட்டதும் விரியும் குண்டு). ஹன்டர் எஜுகேஷன் முடிந்துவிட்டது, லைசென்ஸும் ரெடி.

யூடியூபில் பார்த்தால் ஆளாளுக்கு 600, 800 கெஜம் என்கிறார்கள். ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) இருக்கும் பெரியவர்கள் நூறு கெஜத்தைத் தாண்டி யாரும் சுடுவதே இல்லை என்கிறார்கள். இரண்டில் எதை நம்புவது? ஜீரோவை, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும் தூரத்தை, 100க்கு வைப்பதா, 200க்கா? என் எல்லை எவ்வளவு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓக்மரத்தடி

பெரியவர்கள் சொல்வதுதான் நிஜத்துக்குப் பக்கம். ஆனால் அது நிலத்தைப் பொறுத்தது. தூரத்தை முதலில் முடிவு செய்வது துப்பாக்கி கிடையாது, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதுதான்.

பென்சில்வேனியா, மிச்சிகன், நியூயார்க் காடுகளில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி 40, 60, மிஞ்சினால் 100 கெஜம். அங்கே 150 கெஜம் என்றாலே தூரமான சூடு. ஒகையோவில் மானுக்கு வழக்கமான ரைஃபிள் தோட்டாக்களுக்கே அனுமதி இல்லை. ஷாட்கன் ஸ்லக் (ஷாட்கன்னில் போடும் ஒற்றைக் குண்டு), அல்லது 2014 முதல் நேர்ச்சுவர் தோட்டாக்கள் (உறை கழுத்தில் குறுகாதவை). .350 லெஜண்ட், .450 புஷ்மாஸ்டர் மாதிரியானவை இப்படிப்பட்ட மாநிலங்களில்தான் அதிகம் புழங்குகின்றன. அவற்றை 150 கெஜத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது, 200 என்பது கடைசி விளிம்பு.

உங்கள் ஹில் கன்ட்ரியில் ஓக் மரமும் சீடர் மரமும் கலந்து கிடக்கும். ஃபீடரைப் பெரும்பாலும் பிளைண்டிலிருந்து 80 முதல் 120 கெஜத்துக்குள் நிறுத்துவார்கள். தெற்கு டெக்சாஸில் புதரை வெட்டி நீளமாகப் பாதை விட்டிருப்பார்கள், செண்டெரோ என்பார்கள். அதில் 200, 250 கெஜத்தில் மான் குறுக்கே கடக்கும். அங்கே மான் நின்று மேயாது, கடந்துபோகும். அதனால் தூரத்தைவிட நேரம்தான் தொல்லை.

மேற்கே வயோமிங் புல்வெளியில் பிராங்ஹார்ன் (மான் போன்ற புல்வெளி விலங்கு) என்றால் 200 முதல் 300 கெஜம் சகஜம். எல்க் கருங்காட்டுக்குள் 50 கெஜத்திலும் கிடைக்கும், பள்ளத்தாக்குக்கு எதிர்ச்சரிவில் 350 கெஜத்திலும் நிற்கும். கரடியைத் தீனி வைத்து வேட்டையாட அனுமதியுள்ள இடங்களில் 20, 30 கெஜம்தான், வில்லெறி தூரம்.

இன்னொன்று. அதே ஹில் கன்ட்ரியில் நம்ம ஊர்ப் புள்ளிமானே திரிகிறது. 1932 வாக்கில் டெக்சாஸுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட இனம், ஆக்ஸிஸ் என்பார்கள். வெளிமானும் அங்கே உண்டு. இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைத் தொடவே கூடாது. டெக்சாஸில் இவை வெளிநாட்டு விலங்குக் கணக்கு, ஆண்டு முழுக்கச் சுடலாம். ஆனால் நில உரிமையாளர் சம்மதமும் லைசென்ஸும் வேண்டும். புள்ளிமான் கூட்டமாக நிற்கும். .308 குண்டு ஒரு மானைத் துளைத்து மறுபக்கம் போய்ப் பின்னால் நிற்கும் மானையும் அடித்துவிடும். 80 கெஜம்தானே என்று விசையை இழுப்பதற்கு முன், குறிக்கு முன்னும் பின்னும் வெற்று மண் தெரிகிறதா என்று பாருங்கள்.

இருநூறு_ஜீரோ

ஜீரோ கேள்விக்கு வர்றேன். உங்க 150 கிரெயின் சாஃப்ட் பாயின்ட்டுக்குப் பெட்டியில போட்டிருக்கிற வேகம் நொடிக்கு 2,820 அடியாத்தான் இருக்கும். அது 24 அங்குலச் சோதனைக் குழல்ல அளந்தது. குழல் ஒரு அங்குலம் குறைஞ்சா 20 முதல் 25 அடி போகும்னு வச்சுக்கங்க. உங்க 22 அங்குலத்துக்கு 2,770 பக்கம் வரும். 300 கெஜத்துக்குள்ள அது பெரிய வித்தியாசம் பண்ணாது.

200 கெஜத்துக்கு ஜீரோ வச்சா குண்டு போற வழி இதுதான். 100 கெஜத்துல குறிக்கு 2 அங்குலம் மேல. 200ல நேர். 240ல 3 அங்குலம் கீழ. 300ல 9 அங்குலம் கீழ. 400ல 26 அங்குலம், அதாவது மானோட வயித்துக்கும் கீழ, தரையில.

இதுல கவனிக்க வேண்டியது, 240 கெஜம் வரைக்கும் குண்டு குறியிலிருந்து 3 அங்குலத்துக்கு மேல விலகலை. நெஞ்சு நடுவுல வச்சு இழுத்தா போதும், ஏத்தி இறக்கிக் கணக்குப் போட வேண்டாம். மான் முன்னால நிக்கும்போது கை நடுங்கும், மண்டைக்குள்ள எண் ஓடாது. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.

ஜீரோ பண்ற வழி: முதல்ல 25 கெஜம். அங்க குண்டு குறிக்கு நேராவோ கால் அங்குலம் கீழவோ விழணும். இதோட நிறுத்திட்டுக் காட்டுக்குப் போறவங்க நிறையப் பேர், அதுதான் தப்பு. 25ல கால் அங்குலப் பிசகு 100ல ஒரு அங்குலம், 300ல மூணு அங்குலம் ஆயிடும். அடுத்து 100 கெஜத்துக்குப் போங்க. மூணு குண்டு சுட்டு, மூணுக்கும் நடுப்புள்ளி எதுவோ அதை வச்சுத் திருத்துங்க. ஒத்தைக் குண்டைப் பாத்துத் திருகாதீங்க. ஸ்கோப் கால் எம்ஓஏ (கோண அளவு, 100 கெஜத்துல ஒரு எம்ஓஏ கிட்டத்தட்ட ஒரு அங்குலம்) கிளிக்னா 100 கெஜத்துல ஒரு கிளிக்குக்குக் கால் அங்குலம். அதே கிளிக் 25 கெஜத்துல அங்குலத்துல பதினாறுல ஒரு பங்குதான் நகரும். அங்க நாலு மடங்கு திருகணும், இதை மறந்துட்டு ‘ஸ்கோப் வேலை செய்யலை’ம்பாங்க. 100ல ரெண்டு அங்குலம் மேல வந்துட்டா, கடைசியா 200 கெஜத்துல மூணு குண்டு போட்டு நிஜமாவே நேரா விழுதான்னு பாக்கணும். இந்தக் கடைசிப் படியை விட்டுடாதீங்க.

ஒவ்வொரு மூணு குண்டுக்கும் நடுவுல குழலை ஆற விடுங்க. மெல்லிய வேட்டைக் குழல் சூடானா குண்டு ஒரு பக்கமா நடக்க ஆரம்பிக்கும், அதைத் துரத்திக்கிட்டே ஒரு பெட்டி தோட்டா தீந்துடும். ஜீரோ பண்ணின அதே தோட்டாவோடதான் வேட்டைக்குப் போகணும். கம்பெனி மாறினாலும் குண்டோட எடை மாறினாலும் 100 கெஜத்துல ரெண்டு மூணு அங்குலம் தள்ளி விழலாம்.

நூறே_போதும்

மேலே சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் இவர் ஃபீடரைப் பார்த்து உட்காரப் போகிறவர். நான் 100க்கே வைக்கச் சொல்வேன்.

அதே தோட்டா 100 கெஜ ஜீரோவில் 200 கெஜத்தில் 4 அங்குலம் கீழே, 300ல் 15 அங்குலம் கீழே. 175 கெஜம் வரை 3 அங்குலத்துக்குள்தான் இறங்குகிறது, அதுவும் கீழ்நோக்கி மட்டும். எப்போதும் மேலே போகாது என்பதால் மனசுக்குள் ஒரே திசை. ஹில் கன்ட்ரி மான் உருவத்தில் சிறியது. 200 ஜீரோவில் 90 கெஜத்தில் 2 அங்குலம் மேலே போவதோடு, நீங்களும் பதற்றத்தில் 3 அங்குலம் மேலே இழுத்துவிட்டால் குண்டு முதுகெலும்புக்கு மேல் தசையில் போய்விடும். மான் விழுந்து, எழுந்து, ஓடிவிடும். பிறகு கிடைக்கவே கிடைக்காது. இந்த மேல்சூடுதான் ஃபீடரில் நடக்கும் மிக மோசமான தவறு.

கொலராடோ போகும்போது 200க்கு மாற்றிக்கொள்ளுங்கள். எட்டு கிளிக் மேலே, ஐந்து நிமிட வேலை. மாற்றிய பிறகு ரேஞ்சில் சரிபார்க்க வேண்டும் என்பதில் மேலே எழுதியவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

டெக்சாஸில் கழுத்தில் சுடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். முதல் வருடம் வேண்டாம். கழுத்தில் உயிர்நிலை கைப்பிடி அகலம்தான். விலகினால் தொண்டையோ தாடையோ உடையும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின் விளிம்போடு மேலே போய், உடலின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். சற்றுத் திரும்பி உங்களுக்கு எதிர்ப்புறம் பார்த்து நின்றால், குண்டு வெளியேறும் பக்கத்து முன்னங்காலை மனதில் வைத்துக் குறி பாருங்கள். உங்களை நோக்கி நேராக நின்றாலும் பின்புறம் காட்டி நின்றாலும் காத்திருங்கள். ஃபீடரில் மான் நிச்சயம் திரும்பும்.

வடபற்றை

நான் கனடாவில ஒன்ராறியோ பக்கத்து நிலவரத்தைச் சொல்லுறன், தம்பிக்கு உதவும். இஞ்ச பற்றைக்காடும் சதுப்பும்தான். மானுக்கு வைக்கிற வெடியில அநேகமானது 30 மீற்றருக்கும் 100 மீற்றருக்கும் இடையிலதான். மூஸ் (மிகப் பெரிய மான் இனம்) எண்டால் சதுப்புக்கரையில கூப்பிட்டு எடுக்கிறது, 50 தொடக்கம் 150 மீற்றர். தென் ஒன்ராறியோவில சில இடங்களில மானுக்கு றைபிளே பாவிக்கேலாது. ஷொட்கண், இல்லாட்டி முன்வாயால மருந்து போடுற துவக்கு.

கிட்டத்துல சுடுறது சுகம் எண்டு நினையாதேங்கோ. அதுக்கும் தனிக் கஷ்டம் இருக்கு. முதலாவது, ஸ்கோப். நடந்து போகேக்க 9 மடங்கில வச்சிருந்தால் 25 மீற்றரில மான் எழும்பேக்க கண்ணாடி முழுக்க மயிர்தான் தெரியும், எந்தப் பக்கம் நெஞ்செண்டு விளங்காது. 3இல வச்சிருங்கோ. தூரத்து மானுக்கு 9க்குத் திருப்ப நேரம் கிடைக்கும், கிட்டத்து மானுக்கு 3க்கு இறக்க நேரம் கிடையாது.

இரண்டாவது, சுள்ளி. பாரமான, வேகம் குறைஞ்ச சன்னம் பற்றையை வெட்டிக்கொண்டு போகும் எண்டு ஒரு கதை கனகாலமா இருக்கு. பிழை. .30-30 ஆனாலும் .45-70 ஆனாலும் விரல் மொத்தச் சுள்ளியில பட்டால் சன்னம் திசை மாறும், சிலவேளை பக்கவாட்டாப் புரளும். மான் சுள்ளியோட ஒட்டி நிண்டால் ஓரளவுக்குப் பரவாயில்லை. சுள்ளி உங்களுக்குக் கிட்ட, மான் அதுக்கு 30 மீற்றர் பின்னால எண்டால் அந்த விலகல் பெருசாகிப் போகும். ஓட்டை தெரியுற வரைக்கும் பொறுங்கோ.

மூண்டாவதை ஆரும் சொல்லுறேல்லை. ஸ்கோப் குழலுக்கு ஒண்டரை அங்குலம் மேல இருக்கு. துவக்கைக் கல்லிலயோ விழுந்த மரத்திலயோ வச்சுக் குறி பாக்கேக்க கண்ணாடிக்குள்ள எல்லாம் வெளிச்சமா இருக்கும். குழல்வாய்க்கு முன்னால கல்லின்ர விளிம்பு மறைச்சுக்கொண்டு நிக்கிறது தெரியாது. பிளைண்ட் யன்னலின்ர கீழ்ச் சட்டமும் இப்பிடித்தான். சுட முதல் தலையைத் தூக்கி குழலுக்கு நேர பாருங்கோ.

இஞ்ச தலையில ஒண்டும், உடம்பில 400 சதுர அங்குலமும் செம்மஞ்சள் போட வேணும். கொலராடோவில 500 சதுர அங்குலம், தலைக்கும் சேத்து. கொலராடோவில செம்மஞ்சளுக்குப் பதிலா ஒளிரும் இளஞ்சிவப்பும் போடலாம்.

காற்றுமானி

600 கெஜக் காணொளிகளைப் பற்றிக் கேட்டீர்கள். இரும்புத் தகட்டில் 600 கெஜத்தில் அடிப்பது நல்ல பயிற்சி, பழகியவர்கள் அடிக்கிறார்கள். தகட்டுக்கும் மானுக்கும் இரண்டு வித்தியாசம்: தகடு நகராது, ஓரத்தில் பட்டால் தகட்டுக்கு வலிக்காது.

உங்கள் தோட்டாவின் நேரக் கணக்கைப் பாருங்கள். 100 கெஜம் போக நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 200க்கு கால் நொடி. 300க்கு 0.38. 400க்கு அரை நொடிக்கு மேல், சுமார் 0.54. மேயும் மான் ஒரு எட்டு எடுத்து வைத்தால் நொடிக்கு நான்கைந்து அடி நகரும். 400 கெஜத்தில் நீங்கள் விசையை இழுத்த அதே கணத்தில் அது காலைத் தூக்கினால், நெஞ்சுக்கு வைத்த குண்டு இரண்டு அடி பின்னால், வயிற்றில் போய் விழும். உங்கள் குறி, கணக்கு, மூச்சு எல்லாமே சரியாக இருந்தும் இது நடக்கும். எந்தக் கருவியாலும் இதைத் திருத்த முடியாது. மேயும் மான் தலையைத் தூக்குவதற்கோ நகர்வதற்கோ முன் பெரும்பாலும் வாலை ஒருமுறை சுண்டும். வால் அசைந்தால் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று என்பது புயல் இல்லை. இலைகளும் சின்னக் குச்சிகளும் விடாமல் ஆடிக்கொண்டிருக்கும் காற்றுதான். அதில் உங்கள் குண்டு 100 கெஜத்தில் 1 அங்குலம் தள்ளும். 200ல் 4 அங்குலம், 300ல் 10, 400ல் கிட்டத்தட்ட 20. இந்த எண்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். தூரம் இரட்டிப்பானால் விலகல் நான்கு மடங்குக்கும் மேல் போகிறது. வீழ்ச்சியை ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) பார்த்துத் திருத்திவிடலாம், ஏனென்றால் புவியீர்ப்பு மாறாது. காற்று நீங்கள் நிற்கும் இடத்தில் ஒன்று, நடுப்பள்ளத்தில் வேறொன்று, மான் பக்கம் இன்னொன்று. 5 மைல் தப்பாக மதிப்பிட்டால் 300 கெஜத்தில் 5 அங்குலம் விலகும். மானின் உயிர்நிலை (இதயம், நுரையீரல்) வட்டம் மொத்தமே 8 அங்குலம், நடுவிலிருந்து ஓரத்துக்கு 4.

இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் 300 கெஜத்தை ஒரு வேலியாக வைத்திருக்கிறார்கள். 6.5 கிரீட்மூர் மாதிரி நீண்டு மெலிந்த குண்டுகள் காற்றை நன்றாகவே வெட்டும். அவை கொடுக்கும் சலுகை ஐம்பது, நூறு கெஜம். மானின் எட்டு எந்தத் தோட்டாவுக்கும் ஒன்றுதான்.

1887ல் தியடோர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கம் இந்த நெடுந்தூரச் சூட்டை நியாயமான வேட்டையாக ஏற்கவில்லை. ஐடஹோ மாநிலத்தில் பெருவிலங்கு வேட்டைக்கு மேலே பூட்டிய கருவிகளோடு சேர்த்து 16 பவுண்டுக்கு மேற்பட்ட ரைஃபிளே கூடாது. பீரங்கி மாதிரி ஊன்றி வைத்துச் சுடும் துப்பாக்கிகளை இந்த எடை வரம்பே வெளியே நிறுத்திவிடுகிறது.

புதுவேட்டை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டெக்சாஸுக்கு 100 ஜீரோ, கொலராடோவுக்கு 200 என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம் பாக்கி. என் சொந்த எல்லையை ரேஞ்சில் எப்படிச் சோதிப்பது? எல்க்குக்கு இந்த 150 கிரெயின் போதுமா, மலைச்சரிவில் தூரக் கணக்கு எப்படி மாறும்?

ஓக்மரத்தடி

எல்லை சோதிக்க மேசையும் மணல்மூட்டையும் உதவாது. அது துப்பாக்கியின் எல்லையைச் சொல்லும், ஆளின் எல்லையைச் சொல்லாது.

8 அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை எடுங்கள், விருந்தில் சாப்பிடும் மலிவான தட்டு. உங்கள் ஊர் மானுக்கு 6 அங்குலத் தட்டு இன்னும் நல்லது. நடுவில் புள்ளி போடாதீர்கள், மானுக்குப் புள்ளி கிடையாது. வேட்டையில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள்: பிளைண்ட் நாற்காலி, ஷூட்டிங் ஸ்டிக் (ரைஃபிளைத் தாங்கும் கவட்டுக் குச்சி), அல்லது முதுகுப்பையைத் தரையில் போட்டுப் படுத்து. 50 கெஜத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நிலையிலும் ஐந்து குண்டு. ஐந்தும் தட்டுக்குள் விழுந்தால் 25 கெஜம் பின்னால் போங்கள். ஒன்று வெளியே போனாலும் அந்த நிலைக்கு அதற்கு முந்தைய தூரம்தான் எல்லை. நான்கு விழுந்ததே என்று சமாதானம் வேண்டாம். வெளியே போன அந்த ஒன்றுதான் காயம்பட்ட மான்.

பொதுவாக வரும் விடை இப்படி இருக்கும். நின்றபடி எந்த ஆதாரமும் இல்லாமல் 50, 60 கெஜம். மண்டியிட்டு 100 பக்கம். உட்கார்ந்து ஸ்டிக்கில் சாய்த்து 150 முதல் 200. படுத்துப் பையின் மேல் வைத்து 250, 300. ஒரே ஆள், ஒரே துப்பாக்கி, நான்கு வெவ்வேறு எல்லைகள். இவற்றை ஒரு சீட்டில் எழுதி ரைஃபிள் பிடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு இன்னொரு பயிற்சி. நான்கைந்து வேறு வேறு நாட்களில் போய், ஆறிய குழலில் ஒரே ஒரு குண்டு சுட்டுவிட்டு வந்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் சுடுங்கள். வேட்டையில் கிடைப்பது அந்த முதல் குண்டுதான். அந்த ஐந்து துளைகளும் காட்டும் வட்டம், ஒரே நாளில் சுட்ட ஐந்தைவிடப் பெரிதாக இருக்கும்.

துளைகள் காரணமில்லாமல் சிதறினால் ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன் ஸ்கோப் வளையத் திருகுகளைப் பாருங்கள். வளையத்துக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதும். டார்க் ஸ்க்ரூடிரைவர் (இறுக்கத்தை அளந்து முடுக்குவது) இல்லாமல் கையால் இறுக்கினால் ஒன்று தளரும், அல்லது ஸ்கோப் குழாய் நசுங்கும்.

காற்றுமானி

எல்க் பற்றி. கொலராடோ சட்டம் எல்க்குக்குக் குறைந்தது .24 காலிபர், 85 கிரெயின் எடையுள்ள விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் கேட்கிறது. உங்கள் தோட்டா 100 கெஜத்தில் 2,100க்கு மேல் கொடுக்கிறது, சட்டத்துக்குத் தாராளம்.

நடைமுறை வேறு. எல்க்குக்கு 1,500 அடி-பவுண்டு, மானுக்கு 1,000 என்று வேட்டைக்காரர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் குண்டு 200 கெஜத்தில் 1,705, 300ல் 1,345. அதாவது எல்க்குக்கு 250 கெஜத்தோடு நிறுத்த வேண்டும். மானுக்கு 400 வரை ஆற்றல் இருக்கிறது, ஆனால் காற்றும் நேரமும் உங்களை அதற்கு முன்பே நிறுத்திவிடும். ஆற்றலைவிட நான் பார்ப்பது குண்டின் வேகம். சாதாரண சாஃப்ட் பாயின்ட் சரியாக விரிய நொடிக்கு 1,800 அடி வாக்கில் தேவை. உங்களுடையது 400 கெஜத்தில் அதற்குக் கீழே போய்விடுகிறது. விரியாத குண்டு பென்சில் துளை மாதிரி போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். எல்க் மலையேறி எங்கோ போய்ச் சாகும். எல்க்கின் தோள் எலும்பு கனமானது என்பதால் 165 அல்லது 180 கிரெயின் பாண்டட் (உறையும் ஈயமும் ஒன்றாகப் பிணைந்த) குண்டுக்கு மாறுங்கள். முழுச் செம்புக் குண்டு எடுத்தால் பெட்டியில் உள்ள குறைந்தபட்ச விரிவு வேகத்தைப் படியுங்கள். பலவற்றுக்கு 2,000 அடி வரை வேண்டும், ஆகவே தூரம் இன்னும் சுருங்கும். தோட்டா மாறினால் ஜீரோவும் மறுபடி.

சரிவுக்கு: மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு உயரமாகத்தான் விழும். புவியீர்ப்பு வேலை செய்வது கிடைத்தூரத்துக்கு, அதாவது தரைமட்டமாக அளக்கும் தூரத்துக்கு மட்டும். 30 டிகிரி சரிவில் ரேஞ்ச்ஃபைண்டர் 300 காட்டினால் 0.87ஆல் பெருக்குங்கள், 260 கெஜத்துக்கான குறியை வையுங்கள். கோணம் கணக்கிடும் ரேஞ்ச்ஃபைண்டர் இதைத் தானே செய்யும். அது காட்டுவது நேர்த்தூரமா கிடைத்தூரமா என்று வாங்கிய அன்றே மெனுவில் பார்த்து வையுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை கழித்துவிடுவீர்கள். 15 டிகிரிக்குக் கீழே இதைப் பற்றிக் கவலை வேண்டாம். சில சமயம் ரேஞ்ச்ஃபைண்டர் முன்னால் நிற்கும் புல்லைத் தொட்டு 140 என்று காட்டும், மான் 230ல் நிற்கும். மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் நம்புங்கள்.

ஒன்பதாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வீழ்ச்சி சற்றுக் குறையும், 250 கெஜத்துக்குள் அது கணக்கில் வராது. மேலே ஏறி வந்த மூச்சிரைப்புதான் குறியைக் கெடுக்கும். உட்காருங்கள், பையைக் கழற்றி முன்னால் போடுங்கள், நெஞ்சு அடங்கட்டும். எல்க் சிகரக்கோட்டில் வானத்தை ஒட்டி நின்றால் எத்தனை கெஜமாக இருந்தாலும் சுடக்கூடாது. .30-06 வகைக் குண்டு மூன்று மைல் போகும், மறுபக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

நூறே_போதும்

ஒன்று விட்டுப்போயிற்று: சுட்ட பிறகு. தூரம் கூடக் கூட இதுதான் கஷ்டமாகும், யாரும் பேசுவதில்லை.

80 கெஜத்தில் மான் நின்ற இடம் கண்ணுக்கு முன்னே கிடக்கும். 220 கெஜத்தில் நீங்கள் எழுந்து நடக்கத் தொடங்கியதும் நிலமே மாறிவிடும்; ஸ்கோப்பில் தனியாகத் தெரிந்த சீடர் செடி பத்துச் செடிகளில் ஒன்றாகிவிடும். அதனால் சுட்டதும் நகராதீர்கள். முதலில் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு, மான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அடையாளத்தைப் பிடியுங்கள். பிறகு கடைசியாக அது கண்ணிலிருந்து மறைந்த இடத்தில் ஒன்று. உட்கார்ந்திருந்த இடத்தில் செம்மஞ்சள் நாடா கட்டுங்கள். அந்த இடத்துக்குப் போனதும் திரும்பி நாடாவை ரேஞ்ச்ஃபைண்டரில் அளங்கள். சுடும்போது 220 காட்டியிருந்தால் இப்போதும் 220 காட்ட வேண்டும். 190 என்றால் இன்னும் நடக்க வேண்டும்.

நெஞ்சில் நன்றாகப் பட்ட மானும் 50 முதல் 100 கெஜம் ஓடும். ஓடியதால் தவறவிட்டோம் என்று நினைத்துப் போய்விடாதீர்கள். அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு குனிந்து தரையைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, சிறு நுரைக் குமிழியோடு ரத்தம் இருந்தால் நுரையீரல். மான் பக்கத்தில்தான் கிடக்கும். நுரையில்லாமல் கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். பச்சையாக, சாணி வாடையோடு ஏதாவது ஒட்டியிருந்தால் வயிறு. அன்று இரவு குளிர்ந்தால் காலையில் தேடுங்கள். நவம்பர் தொடக்கத்து டெக்சாஸ் வெயிலாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு மெதுவாகப் போகவேண்டும், இல்லையென்றால் இறைச்சி கெட்டுவிடும். உடனே துரத்தினால் அது படுத்த இடத்திலிருந்து எழுந்து அடுத்த குத்தகைக்காரர் வேலியைத் தாண்டிவிடும்.

ரத்தமே இல்லையென்றால் முடியைத் தேடுங்கள். குண்டு பட்ட இடத்தில் முடி எப்படியும் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். பழுப்பாக, நுனி கறுத்திருந்தால் உடம்பின் மேல்பாகம். வெள்ளையாக, சற்று முறுக்கியிருந்தால் அடிவயிறு, குண்டு தாழ்ந்திருக்கிறது. அந்த முடி கிடந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டைக் குத்திவிட்டு, அடுத்த துளி கண்ணில் படும் வரை அங்கிருந்து வட்டமாகத் தேடுங்கள். சுவட்டின் மேலே மிதிக்காமல் பக்கவாட்டில் நடங்கள்.